இல்லாத டீயைத் தேடிய ஏ.ஐ.

ஏ.ஐ. வீடியோ கேம் ஆடுகிறதாமே, அதற்குக் கை எங்கே இருக்கிறது? (மதுரை வாசகர்)

கை கிடையாது, டூல் உண்டு. 2025 பிப்ரவரியில் ஆந்த்ரோபிக் நிறுவனம் தன் கிளாட் மாடலை போக்கிமான் ரெட் ஆடவிட்டு, ட்விட்ச்சில் நேரலையாகக் காட்டியது. கேம் பாய் பட்டன்களை அழுத்த ஒரு டூல், திரையில் ஓர் இடத்தைச் சொன்னால் அங்கே நடத்திக்கொண்டு போக ஒரு டூல், குறிப்பு எழுதிவைக்க ஒரு டூல். மாடல் ‘மேலே, மேலே, ஏ’ என்று எழுத்தில் சொல்லும், புரோகிராம் அழுத்தும், புது ஸ்கிரீன்ஷாட் வரும். இப்படியே மூன்று ஜிம் பேட்ஜ்களை வாங்கிவிட்டது.

என் பையன் எந்தக் கையேட்டையும் படிக்காமலே பிரமாதமாக ஆடுகிறான். மெஷினுக்கு மட்டும் எதற்கு டூலை விளக்கும் ஆவணம்? (சேலம் வாசகி)

உங்கள் பையன் தப்பான பட்டனைத் தொட்டால் அடுத்த நொடியே அவனுக்குத் தெரிந்துவிடும். ஏஜென்ட்டுக்கு, அதாவது டூல்களை வைத்துத் தானே வேலை செய்கிற ஏ.ஐ.க்கு, ஒரு டூலைப் பற்றி முதலில் கிடைப்பது எழுத்து மட்டுமே. மாடலோடு டூல்களை இணைக்க ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்.சி.பி. நெறிமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன மதிப்புகளைத் தரலாம் என்ற வரையறை. இந்த விளக்கம் நேராக மாடலின் முன்னால் போய் நிற்கும். புரோகிராம் முடிந்த பிறகு ஒப்புக்கு எழுதுகிற காகிதமாக இருந்த ஆவணம், இன்று புரோகிராமின் ஓர் உறுப்பு.

ஒரு டூலுக்கு ‘நட: வீரரை நகர்த்தும்’ என்று மட்டும் விளக்கம் எழுதிவிட்டு ஒருவர் டீ குடிக்கப் போய்விடுகிறார். எத்தனை கட்டம் நகரும்? சுவர் குறுக்கே வந்தால் பிழை என்று சொல்லுமா, சும்மா நிற்குமா? பாதி வழியில் சண்டை தொடங்கினால் மீதி அடிகள் என்ன ஆகும்? மனிதர் எரிச்சலோடு போன் போட்டாவது கேட்பார். மாடல் பெரும்பாலும் கேட்காது. தானே ஒரு பதிலை ஊகித்துக்கொண்டு, முழு நம்பிக்கையோடு சுவரில் முட்டிக்கொண்டே இருக்கும்.

கேமில் இடது, வலது, மேல், கீழ். இதில் எழுத என்ன இருக்கிறது? (நாகர்கோவில் வாசகர்)

அப்படி நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய அட்டாரி 2600 விளையாட்டுகளை ஆராய்ச்சிக்குத் திறந்துவிட்ட ஏ.எல்.இ. தளம் 2013-இல் வந்தது. அதில் மொத்தம் 18 அசைவுகள். கணக்கு எளிது: ஜாய்ஸ்டிக் நிற்கக்கூடிய நிலைகள் நடுவையும் சேர்த்து 9, பட்டன் அழுத்தியது, அழுத்தாதது என்று 2. முழுப் பட்டியலில் எண் 2 என்றால் ‘மேலே’.

இப்போது பாங் ஆட்டத்துக்கு வாருங்கள். அதற்கு வேண்டிய 6 அசைவுகளை மட்டும் எடுத்து மறுபடி எண் போடுவதால், எண் 2 ‘வலது’ ஆகிவிடுகிறது. அந்த ‘வலது’ செய்கிற வேலையோ மட்டையை மேலே ஏற்றுவது! இதை ஒரு வரியில் எழுதாவிட்டால், புதிதாக வருகிறவர் தன் புரோகிராமில் பிழை இருப்பதாக நினைத்து ஒரு ராத்திரியைத் தொலைப்பார்.

நேரமும் ஓர் அசைவுதான். அட்டாரி நொடிக்கு 60 ஃபிரேம் ஓட்டும். ஆய்வாளர்கள் வழக்கமாக ஒரே அசைவை 4 ஃபிரேம் பிடித்துவைப்பார்கள். பிற்பாடு இன்னொரு குறும்பும் சேர்ந்தது: 25 சதவீத வாய்ப்பில், நீங்கள் சொன்னதை விட்டுவிட்டுப் பழைய அசைவையே திரும்பச் செய்யும். ஆட்டத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற ஏஜென்ட்டைப் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆவணத்தில் இல்லையென்றால் இது வெறும் பழுது என்றே தோன்றும்.

அதென்ன டீ விவகாரம்? (கடலூர் வாசகர்)

கூகுளின் ஜெமினி 2.5 ப்ரோ, 2025 மே மாதம் போக்கிமான் புளூவை முடித்தது. ஆடவைத்தது நிறுவனத்துக்கு வெளியே இருந்த ஒரு பொறியாளர். அந்த ஆட்டத்தில் தாகமாயிருக்கும் காவலருக்கு இயந்திரத்தில் விற்கிற பானம் ஒன்றைக் கொடுத்தால் வழிவிடுவார். 2004-இல் வந்த மறுபதிப்பிலோ அது டீ. மாடலின் தலையில் இரண்டும் கலந்துபோய், இல்லாத டீயைத் தேடி அலைந்தது. எந்தப் பதிப்பு என்று ஆவணத்தின் தலையில் எழுதுவதை அலட்சியம் செய்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.

தோற்கும்போது ஏ.ஐ. பதறுமா? (தஞ்சாவூர் வாசகி)

பதறுகிற மாதிரி நடந்துகொள்ளும். அதே ஜெமினி, தன் போக்கிமான்களின் உயிர் குறைந்ததும், வழி கண்டுபிடிக்கும் டூல் ஒன்று இருப்பதையே மறந்துவிட்டதாக கூகுளின் தொழில்நுட்ப அறிக்கை சொல்கிறது. நெருக்கடியில் கையேட்டை மறப்பதில் நம்மவர்களுக்குத் துணை கிடைத்துவிட்டது.

ஏ.ஐ. ஜெயித்தது என்றால் அப்படியே நம்பலாமா? (சென்னை வாசகர்)

டூல் என்னென்ன காட்டியது என்று படித்த பிறகு நம்புங்கள். 2018 டிசம்பரில் டீப்மைண்டின் ஆல்ஃபாஸ்டார், ஸ்டார்கிராஃப்ட் 2-இல் டி.எல்.ஓ., மானா என்ற இரண்டு தொழில்முறை வீரர்களை ஆளுக்கு 5-0 என்று வீழ்த்தியது. அந்த ஆட்டங்களில் அது, தன் கண்ணுக்கு எட்டிய வரைபடம் முழுவதையும் ஒரே நேரத்தில் பார்த்தது. மனிதரோ கேமராவை அங்குமிங்கும் நகர்த்தித்தான் பார்க்க வேண்டும். கேமராவைத் தானே நகர்த்தியாக வேண்டிய இன்னொரு வடிவம் நேரலையில் மானாவிடம் தோற்றது. டூல் விவரம் இல்லாமல் ‘ஜெயித்தது’ என்று மட்டும் வரும் செய்தியை நான் பாதிச் செய்தி என்றே எடுத்துக்கொள்வேன்.

ஆவணத்தையும் ஏ.ஐ.யையே எழுதச் சொல்லிவிட்டால்? (திருச்சி வாசகர்)

சொல்லியாகிவிட்டது. 2023-இல் வந்த வாயேஜர் மைன்கிராஃப்டில் ஒரு வேலையைக் கற்றதும், அதற்கான புரோகிராமை ஒரு விளக்கத்தோடு சேமித்துவைக்கும். அடுத்த தடவை அந்த விளக்கத்தை வைத்துத்தான் தேடி எடுக்கும். விளக்கம் சொதப்பினால் கற்ற வித்தையும் கைக்கு வராது.

விளக்கத்தைத் தமிழில் எழுதலாமா? (ஈரோடு வாசகி)

எழுதலாம். பெரிய மாடல்களுக்குப் புரியும். டோக்கன் (மாடல் எழுத்தை நறுக்கிப் படிக்கிற துண்டு) மட்டும் ஆங்கிலத்தைவிட அதிகம் தின்னும்.

நானும் ஒரு கேமுக்கு டூல் எழுதுகிறேன். யோசனை சொல்லுங்கள். (கோவை வாசகர்)

அந்த கேமை முன்பின் பார்த்திராத ஒருவரைப் பிடியுங்கள். திரையை மறைத்துவிடுங்கள். உங்கள் ஆவணத்தையும், டூல் திருப்பித் தருகிற எழுத்தையும் மட்டும் கொடுத்து ஆடச் சொல்லுங்கள். அவர் ‘இது என்ன?’ என்று கேட்கும் இடமெல்லாம் நீங்கள் எழுதாமல் விட்ட வரி. பதிலை அவரிடம் வாயால் சொல்லாதீர்கள், ஆவணத்தில் எழுதுங்கள்.