ஆவடியில் டாங்கி கிடைக்கும், ஸ்பிரிங் கிடைக்காது

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1960-களில் விஜயந்தா டாங்கி செய்தது; பிறகு அர்ஜுனும் செய்தது. அதே ஆவடியில் தாத்தாவின் பழைய ரைபிளுக்கு ஒரு ஸ்பிரிங் வாங்குவதுதான் பெரும்பாடு. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியின் உதிரிபாகமும் ஆயுதமே. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்துக்கா பஞ்சம்? ஆனால் உரிமம் இல்லாமல் அதைக் கடைந்து கொடுப்பவர் கம்பி எண்ண வேண்டிவரும்.

விலைக்கும் சட்டமே ஜாதகம் எழுதுகிறது. 1980-களில் தனியார் துப்பாக்கி இறக்குமதிக்குக் கதவு அடைத்தார்கள். ஏற்கெனவே உள்ளே வந்திருந்த வெளிநாட்டுக் கிழங்களுக்கு வயது ஏற ஏற மவுசும் ஏறியது. 2019 திருத்தம், ஒருவர் வைத்துக்கொள்ளும் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாக்கி, மிச்சத்தை ஓராண்டுக்குள் ஒப்படைக்கச் சொன்னது. கெடுவுக்குள் தள்ளிவிட வேண்டியவன் பேரம் பேச முடியுமா? வாங்குகிறவர் பணத்தோடு லைசென்ஸும் கொண்டுவர வேண்டும். ஆக, ஒரு சட்டம் ஏற்றிவிட, இன்னொன்று இறக்கிவிடுகிறது.

பூந்தமல்லியில் மனை வாங்கிப்போட்டவர்கள் புத்திசாலிகள். இரண்டுக்கு மேல் இருந்தால் காவல் நிலையத்தில் ஒப்படை என்று அவர்களிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை.