தோருக்கு ஒரு வக்காலத்து

அமெரிக்காவில் எந்த ஊர்க் காமிக்ஸ் கடைக்கும் புதன்கிழமை சாயங்காலம் போனால் இவரைப் பார்க்கலாம். புதன்தான் அங்கே புது இதழ்கள் வந்து இறங்கும் நாள். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். வெளுத்துப்போன டி-ஷர்ட்டில் பேட்மேனின் வௌவால், தொப்பைக்கு ஏற்றபடி சிறகை விரித்திருக்கும். உள்ளே நுழைந்ததும் நலம் விசாரிக்கிற வழக்கமெல்லாம் கிடையாது. நேரே குறைதான்.

"பார்த்தீங்களா, இதுலயும் அது இல்லை."

எது என்று கல்லாவில் இருப்பவர் கேட்க மாட்டார். கேட்டால் கடையை அடைக்க முடியாது. நமக்கு அந்தக் கவலை இல்லை.

மார்வெல், டிசி என்று அங்கே இரண்டு பெரிய பதிப்பகங்கள். ஸ்பைடர்மேன், தோர், கேப்டன் அமெரிக்கா ஒரு பக்கம். சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் உமன் மறு பக்கம். ஒருவர் வீட்டு ஆள் இன்னொருவர் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டு, கடைசியில் கைகுலுக்கிவிட்டுத் திரும்புவதற்குப் பெயர் கிராஸ்ஓவர். 1976இல் சூப்பர்மேனும் ஸ்பைடர்மேனும் முதன்முதலாக மோதினார்கள். அதன்பின் வந்த பல மோதல்களையும் சேர்த்து 2024இல் தலையணைப் பருமனில் ஒரு தொகுப்பு வெளியானது. வாசகர்கள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த தொகுப்பு. வந்த அன்றே இவர் வாங்கிவிட்டார். அதில் டிசியின் ஜஸ்டிஸ் லீகும் மார்வெலின் அவெஞ்சர்ஸும் சந்திக்கும் 2003ஆம் வருஷத்துக் கதை இல்லை. அதுதான் "அது". சேர்த்த கதைகள் பதினைந்துக்குக் குறையாது. அவற்றைப் பற்றி இவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வரவில்லை.

புத்தகத்தை இவர் பார்க்கும் விதமே தனி. முதலில் மூலைகளைத் தடவுவார், எங்காவது நசுங்கியிருக்கிறதா என்று. பிறகு மேலுறையைக் கழற்றி உள் அட்டையை ஆராய்வார். பிறகு நடுவில் விரித்துப் பிடித்து, இரண்டு பக்கத்துக்கும் பரவிய படத்தில் சூப்பர்மேனின் மூக்கு தையலுக்குள் எவ்வளவு போய்விட்டது என்று கணக்கெடுப்பார். 1976 இதழ் நாளிதழைப் பாதியாக மடித்தது போன்ற பெரிய அளவில், இரண்டு டாலர் விலையில் வந்தது. தொகுப்பில் அதைச் சுருக்கிவிட்டார்களே என்று அதற்கு ஒரு பெருமூச்சு. கதையைப் படித்தாரா என்று கேட்டுவிடாதீர்கள். அதை எட்டு வயதில் படித்தாயிற்று. இப்போது நடப்பது தணிக்கை.

ஆனால் இந்தத் தையல், மேலுறை, சுருக்கம் எல்லாம் மேல்பூச்சு. உள்ளே இருக்கும் வலி வேறு. அது தோர் அடி வாங்கிய வலி.

அந்த 2003 கதையின் இரண்டாம் பாகத்தில் சூப்பர்மேனும் தோரும் மோதுகிறார்கள். தோர் சுத்தியலால் அடிக்க, சூப்பர்மேன் அதைத் தடுத்து, ஒரே குத்தில் அவரைச் சாய்த்துவிடுகிறார். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் இவர் அதை ஏற்கவில்லை. சூப்பர்மேனுக்கு மந்திரம் என்றால் பலவீனம், தோரின் சுத்தியல் மந்திரச் சுத்தியல், ஆகவே அடி செல்லாது என்பது இவர் கட்சி. டி-ஷர்ட்டில் பேட்மேனைப் போட்டுக்கொண்டு தோருக்கு வக்காலத்து வாங்கலாமா என்று யாராவது கேட்டால், "எனக்குக் கட்சி கிடையாது, நியாயம்தான் முக்கியம்" என்பார். இப்படிச் சொல்கிறவர்களைப் பற்றி நமக்குத் தெரியாததா?

இத்தனைக்கும் கதாசிரியர் கர்ட் பியூசிக் சமாதானத்துக்கு வழி செய்துதான் வைத்திருக்கிறார். தோரை வீழ்த்திய கையோடு சூப்பர்மேன் மேல் மற்ற அவெஞ்சர்கள் கூட்டமாகப் பாய்ந்து அவரையும் கவிழ்க்கிறார்கள். கடைசிப் பாகத்தில் அவர் கையில் தோரின் சுத்தியலும் கேப்டன் அமெரிக்காவின் கேடயமும் வருகின்றன. போர் முடிந்த பிறகு அந்தச் சுத்தியலை மறுபடி தூக்கப் பார்க்கிறார், அசையவில்லை. பேட்மேனும் கேப்டனும் ஒருவரையொருவர் கொஞ்சம் தட்டிப் பார்த்துவிட்டு, இது முடிய வெகுநேரம் ஆகும் என்று புரிந்து, பேசாமல் துப்பறியக் கிளம்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு குத்துக்கும் எதிர்க்குத்து, ஒவ்வொரு அவமானத்துக்கும் ஆறுதல். பாம்பின் கால் பாம்பறியும். பியூசிக்கே சிறு வயதில் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி அச்சில் பெயர் பார்த்த வாசகர். மாணவராக இருந்தபோது, மார்வெலின் எக்ஸ்-மென் அணியில் செத்துப்போன ஜீன் கிரேயை எப்படிப் பிழைக்க வைக்கலாம் என்று அவர் யோசித்து வைத்த வழியை மார்வெல் பின்னால் எடுத்தே ஆண்டது. அப்படிப்பட்டவர் கட்டிய சமரசத்திலும் நம்மவர் ஓட்டை கண்டுபிடித்துவிட்டார் என்றால், எம்.ஜி.ஆரும் சிவாஜியும் கூண்டுக்கிளிக்குப் பிறகு ஏன் சேர்ந்து நடிக்கவில்லை என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

"அப்படியானால் வாசகர்களே முடிவு செய்யட்டும்" என்றும் ஒருமுறை விட்டுப் பார்த்தார்கள். 1996இல் மார்வெலும் டிசியும் சேர்ந்து நடத்திய மோதலில் ஐந்து சண்டைகளின் முடிவு வாசகர் ஓட்டுக்குப் போனது. எக்ஸ்-மென் அணியின் ஸ்டார்ம் வொண்டர் உமனை ஜெயித்தார். அதே அணியின் வுல்வரினும் டிசியின் லோபோவும் ஒரு மதுக்கடையில் மோதினார்கள். லோபோவோ சூப்பர்மேனோடு மல்லுக்கு நிற்கிற ஆசாமி. இருவரும் மேஜைக்குப் பின்னால் விழுந்தார்கள், எழுந்தது வுல்வரின் மட்டும், வாயில் சுருட்டு. நடுவில் என்ன நடந்தது என்று படமே கிடையாது.

"வரைய முடியலை, அதான் வரையலை" என்று இவர் இன்றைக்கும் சொல்வார். "எக்ஸ்-மென் அப்ப நல்லா வித்துச்சு. ஓட்டு விழுந்தது பலத்துக்கு இல்லை, விற்பனைக்கு."

இந்த ஒரு விஷயத்தில் இவர் சொல்வது சரி என்றே எனக்கும் படுகிறது.

ஓட்டு என்றதும் இவர் 1988க்குப் போய்விடுவார். பேட்மேனின் சீடன் ராபின், அதாவது ஜேசன் டாட், பிழைக்கலாமா சாகலாமா என்று டிசி தொலைபேசியில் ஓட்டுக் கேட்டது. ஓர் அழைப்புக்கு ஐம்பது சென்ட். சாகட்டும் என்று 5,343, பிழைக்கட்டும் என்று 5,271. எழுபத்திரண்டு ஓட்டில் பையன் போய்விட்டான். அன்று அப்பா போனைத் தொடவிடவில்லை என்பது இவர் குடும்ப வரலாற்றின் கறுப்பு அத்தியாயம். விட்டிருந்தாலும் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டிருப்பார் என்பதை இதுவரை சொன்னதில்லை.

இந்த இனத்தைக் கட்டி மேய்க்கத் தெரிந்தவர் ஒருவர்தான், மார்வெலின் ஆசிரியர் ஸ்டான் லீ. அறுபதுகளில் பிழை கண்டுபிடித்து எழுதும் வாசகர்களுக்கு 'நோ-ப்ரைஸ்' என்று ஒரு பரிசை ஏற்படுத்தினார். பிற்பாடு, பிழையைச் சொன்னால் மட்டும் போதாது, அது ஏன் பிழையல்ல என்று விளக்கவும் வேண்டும் என்று ஆயிற்று. பரிசு என்ன? மார்வெலிலிருந்து ஒரு கவர் வரும். பிரித்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. மேலே மட்டும் வாழ்த்து. குறை சொல்ல வந்தவனையே கம்பெனிக்கு வக்கீலாக்கி, சம்பளமாகக் காலிக் கவரைக் கொடுத்து, அவனும் அதைப் பத்திரப்படுத்தும்படி செய்த மூளையை என்னவென்று சொல்வது? நம்மவர் வீட்டிலும் ஒரு காலிக் கவர் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அவருக்கு வந்ததல்ல, ஏலத்தில் எடுத்தது.

2022இல் அந்த 2003 கதையை, ஓவியர் ஜார்ஜ் பெரஸ் புற்றுநோயில் இருந்த சமயத்தில், காமிக்ஸ் கலைஞர்களுக்கு உதவும் ஹீரோ இனிஷியேட்டிவ் அமைப்பு மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. மொத்தமே 7,000 பிரதிகள். அந்த மே மாதமே பெரஸ் காலமானார். இவருக்குப் பிரதி கிடைத்தது. பெரஸைப் பற்றிப் பேசும்போது மட்டும் இவர் குறை சொல்வதில்லை. மூன்றாம் பாகத்தின் அட்டையில் இரண்டு அணியிலும் இருந்த அத்தனை பேரையும், இருநூறுக்கும் மேற்பட்ட முகங்களை, பெரஸ் வரைந்திருக்கிறார். அதை விரித்து வைத்து, மூலையில் கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஓர் ஆளைக் காட்டி, பெயர், ஊர், எந்த இதழில் சேர்ந்தார், ஏன் விலகினார் என்று சொல்வார். அந்தக் கால் மணி நேரம் இவரைவிட நல்ல வாசகர் கிடையாது.

2025இல் இரண்டு கம்பெனியும் மறுபடி கைகோத்து டெட்பூலையும் பேட்மேனையும் மோதவிட்டன. மார்வெல் போட்டதில் டெட்பூல் பெயர் முதலில், டிசி போட்டதில் பேட்மேன் பெயர் முதலில். இது சமத்துவம் என்று கடைக்காரர் சொன்னார். செப்டம்பரில் ஒன்றும் நவம்பரில் ஒன்றும் வந்தால் எப்படிச் சமத்துவம் என்று இவர் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு கல்லூரிப் பையன் உள்ளே வந்து, இந்தக் கிராஸ்ஓவர்களில் எதை முதலில் படிக்கலாம் என்று வெகுளியாகக் கேட்டுவிட்டான். இவர் 1976இல் ஆரம்பித்தார். சிவப்புச் சூரியக் கதிர் பட்டதால்தான் ஸ்பைடர்மேனால் சூப்பர்மேனை அடிக்க முடிந்தது என்பதில் கொஞ்சம் நின்றார். தோரிடம் வந்தபோது குரல் தழுதழுத்தது. பையன் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டான். முடிந்ததும் எதிர் அலமாரிக்குப் போய், ஜப்பான் மாங்கா ஒன்றின் முதல் மூன்று பாகங்களை எடுத்து, பணம் கட்டிவிட்டுப் போய்விட்டான்.

இவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுல எல்லாத்தையும் ஒரே ஆள் எழுதி வரையுறான். ஒரே கதை, ஒரே கம்பெனி," என்றார் கடைக்காரரிடம். "படிச்சு முடிச்சிட்டு யாரோட சண்டை போடுவாங்க?"