நெனப்பு: கடலூர்–சிதம்பரம் வழித்தடத்தில் ஒரு சொல்லாய்வு

இவ்வாய்வின் எல்லை கடலூர் பஸ் ஸ்டாண்டில் தொடங்கி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம் கீழவீதியில் முடிகிறது. ஆய்வுப்பொருள், 'நினைப்பு' என்று எழுதப்பட்டு 'நெனப்பு' என்று வாழும் சொல்.

இத்தடத்தில் அதற்குப் பொருள் மூன்று. "அம்மா நெனப்பாவே இருக்குது" என்பதில் ஞாபகம். "ஊருக்கு வர்ற நெனப்பு இருக்கா, இல்லையா?" என்பதில் உத்தேசம். "பெரிய கலெக்டருன்னு நெனப்பு" என்பதில் இரண்டும் இல்லை, வெறும் மிதப்பு. இந்த மூன்றாவதை உதட்டைச் சுழிக்காமல் சொல்ல முடியாது. அகராதியில் உதட்டை அச்சிட வழியில்லாததால் அங்கே இப்பொருள் சற்றுச் சோகையாகவே கிடக்கிறது.

மிதப்பு எங்கிருந்து வந்தது? இங்கே உடற்கூறு துணைக்கு வருகிறது. 'நினைந்தவர் புலம்பல்' என்று ஓர் அதிகாரமே வைத்த வள்ளுவர் காலத்தில், யாரேனும் நினைத்தால் தும்மல் வந்தது. தலைவன் தும்ம, முதலில் வாழ்த்திய தலைவி, உம்மை நினைத்தவள் யாரென்று மறுகணமே அழுகிறாள். இன்றைக்கோ சோற்றில் கைவைத்ததும் புரையேறினால்தான், "யாரோ நெனைக்கிறாங்க" என்று உச்சந்தலையில் தட்டுகிறோம். மூக்கில் இருந்த நெனப்பு தொண்டைக்கு இறங்கி, தட்டிய தட்டில் தலைக்கு ஏறிவிட்டது என்பது என் துணிபு. மறுப்போர் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

சிதம்பரத்துக்குத் தனிச்சிக்கல் ஒன்றுண்டு. தில்லையைக் கண்டால் முத்தி, அண்ணாமலையை நினைத்தாலே முத்தி என்பது சைவர் வழக்கு. நடராசர் கண்ணெதிரே ஆடும் ஊரில் நினைப்புக்கு என்ன வேலை? அக்குறையும் 1929-இல் தீர்ந்தது. அண்ணாமலையே பல்கலைக்கழகமாக ஊருக்கு வந்துவிட்டது. பரீட்சை ஹாலில் நினைவுக்கு வந்தால்தான் முத்தி.

கடலூருக்கோ சீமைச் சான்றே இருக்கிறது. ஸ்காட்லாந்துப் பேச்சில் 'மைண்ட்' என்றால் ஞாபகம் வைத்திருப்பது என்றும் பொருள். 1783-இல், பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த கடலூரை முற்றுகையிட்ட ஆங்கிலேயத் தளபதி ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ஸ்காட்லாந்துக்காரர். ஊர் வசப்படவில்லை, ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்று சேதி வந்ததும் சண்டை நின்றது. சொல்லையாவது விட்டுச் சென்றாரா? "சில்லறை இல்ல சார், மைண்டுல வெச்சுக்குங்க, எறங்கறப்ப தர்றேன்" என்று கண்டக்டர் சொல்கையில் அசல் ஸ்காட்லாந்துப் பொருளே ஒலிக்கிறது. ஸ்டூவர்ட்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல எனக்கும் ஆசைதான். என்ன செய்ய, கோயம்புத்தூர் கண்டக்டரும் அதையே சொல்கிறார்.