நீலத் தூணும் வலது காலும்

நீலத் தூண் என்பது ஜெர்மனியின் கூட்டாட்சி நெடுஞ்சாலை ஓரங்களில் ஏறக்குறைய 4 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் சுங்கக் கண்காணிப்புக் கருவி. லாரி சுங்கம் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை; வேகத்துக்கு அபராதம் போடுவது அதன் வேலையல்ல. இருந்தும் தூணைக் கண்டதும் கார் ஓட்டுபவரின் வலது கால் பிரேக்குக்குத் தாவிவிடுகிறது. அந்தத் தாவல் ஆய்வுக்கு உரியது.

தூணின் வரலாறு சுருக்கமானது. 2005 ஜனவரி 1 அன்று ஆட்டோபான் எனப்படும் விரைவுச்சாலைகளில் 12 டன்னும் அதற்கு மேலும் உள்ள லாரிகளுக்குச் சுங்கம் வந்தது. 2015இல் வரம்பு 7.5 டன்னுக்கு இறங்கியது. 2018 ஜூலையில் கூட்டாட்சி நெடுஞ்சாலைகள் அனைத்துக்கும் சுங்கம் பரவியபோது தூண்கள் முளைத்தன. 2024 ஜூலை முதல் 3.5 டன்னைத் தாண்டிய சரக்கு வண்டிகளும் கணக்கில் சேர்ந்தன. சாவடி கிடையாது, சில்லறைத் தகராறும் கிடையாது. லாரிக்குள் பொருத்திய கருவியே செயற்கைக்கோள் துணையோடு தூரத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது. காருக்கும் சுங்கம் போடப் பார்த்தார்கள். 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம் அது செல்லாது என்றுவிட்டது. ஆகக் காருக்கும் தூணுக்கும் கொடுக்கல் வாங்கல் ஏதுமில்லை.

பிறகு ஏன் பிரேக்? தூணை வேகக் கேமரா என்று எண்ணிவிடுவதால்தான்; பழி அந்தக் கேமராவைச் சேரும். பழைய பெட்டிக் கேமராவை ஜெர்மானியர் ‘ஸ்டாரன்காஸ்டன்’ என்பர். மைனாவின் உறவுக்காரப் பறவை ஒன்றுக்கு மாட்டும் கூட்டுப்பெட்டி என்று பொருள். அங்கே வேக அபராதம் வண்டியின் உரிமையாளருக்கல்ல, ஓட்டியவருக்கு. ஆகவே முகம் தெரியும்படி முன்னாலிருந்து படம் எடுத்தாக வேண்டும். அளந்த வேகத்தில் 100 வரை 3 கிலோமீட்டரும் அதற்கு மேல் 3 விழுக்காடும் கழித்துவிடுவார்கள். ஜவுளிக்கடைத் தள்ளுபடி போலன்றி இது உண்மையானது. இக்கருவிகளின் முன்னோடிகளுள் ஒருவரான டச்சுக்காரர் மௌரிஸ் காட்சோனிடஸ், 1953இன் மான்டி கார்லோ கார்ப் பந்தயத்தில் வென்றவர். வளைவுகளில் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ள அவர் செய்த கருவிதான் பிறர் வேகத்தைக் குறைக்கும் கருவியாயிற்று.

தொல்காப்பியம் கூறும் எண்வகை மெய்ப்பாட்டில் மூன்று, தூணருகே அடுத்தடுத்துத் தோன்றுகின்றன. தொலைவில் நீலம் தெரிந்ததும் அச்சம். கடக்கையில் சிவப்பு மின்னல் அடிக்காததால் மருட்கை. கடந்தபின், 100 போகலாம் என்ற சாலையில் 85இல் வந்துகொண்டிருந்தும் 60க்குக் குறைத்தோமே என்று இளிவரல். இங்கிலாந்திலிருந்து வருபவர் நிலை இன்னும் பரிதாபம். அங்கே வேகக் கேமராவுக்கு மஞ்சள் பூசிக் கண்ணில் படும்படி வைப்பது வழக்கம். ஜெர்மனியில் அப்படியொரு நிறக் கருணை இல்லாததால், உயரமாக நிற்கும் எதைக் கண்டாலும் அவர் கால் ஐயுறுகிறது.

லாரிக்காரரிடம் இம்மெய்ப்பாடுகள் காணப்படுவதில்லை. ஊர் எல்லைக்கு வெளியே, இத்தகைய சாலைகளில் 7.5 டன்னைத் தாண்டிய லாரிக்குப் பொதுவாக 60தான் வரம்பு. தூண் தேடுவது அவரைத்தான். அவரோ போலந்திலிருந்து சுங்கம் கட்டிக்கொண்டு வருபவர், தூணைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அவ்விடத்தில் அவரும் பிரேக் போடுவதுண்டு, முன்னால் போகும் கார் போட்டுவிடுவதால்.