எண்ணாமல் எழுது மோனை

நிருபராகப் போறியாம் எண்டு கொம்மா வந்து மூக்கைச் சிந்திப்போட்டுப் போறா. நான் உனக்குப் புத்தி சொல்லவேணுமாம். துணுக்காயில புத்தி மிஞ்சிக் கிடக்கிறது என்னட்டை மட்டும்தான் எண்டு நினைக்கிறா போல. சரி, இரு. அந்தப் போனைக் கவிட்டு வை.

முதல் புத்தி: எதையும் எண்ணாதை. வீட்டுத்திட்டத்துக்கு அடிக்கல் நடுகினமோ, முன்னுக்கு ஓடு. எம்பி நிப்பார், பொன்னாடையோட நாலு பேர் நிப்பினம், பாண்ட் வாசிக்கிற பள்ளிக்கூடப் பிள்ளையள் வெய்யிலுக்குள்ள நிக்குங்கள். எல்லாரையும் ஒரு படத்துக்குள்ள அடக்கு. கீழ "வெகு விமரிசையாக நடைபெற்றது" எண்டு போடு. ஈய எழுத்துக் கோத்த காலத்தில அந்த வரியை மட்டும் கலைக்காமல் கட்டி வைச்சிருப்பாங்கள் எண்டுதான் எனக்குச் சந்தேகம், அவ்வளவு வேலை அதுக்கு. எத்தினை வீடு வந்தது, எத்தினை முடிஞ்சது, எத்தினை அரைச்சுவரோட பத்தைக்குள்ள நிக்குது எண்டு கேட்டுப்போடாதை. கேட்டியோ, அடுத்த விழாவில உனக்குக் கதிரை இல்லை. மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலும் இல்லை.

யூரியூப் எண்டால் இன்னும் திறம். ஒரு அரிசி மூட்டை, ஒரு மைக், புருசன் இல்லாத ஒரு பொம்பிளை, இது போதும். "அக்கா, முதல் சொன்னதில அழுகை வரேல்லை, இன்னொருக்காச் சொல்லுங்கோ" எண்டு பணிவாக் கேள். ரொறன்ரோவில ரெண்டாவது வேலை முடிச்சு வந்த பெடியன் அதைப் பாத்து உருகிக் காசு அனுப்புவான். வந்தது எவ்வளவு, குடுத்தது எவ்வளவு எண்டு ஆர் கேக்கிறது? எங்கட ஒழுங்கையில ஒரே ஆட்டை மூண்டு சானல்காரர் ஒரே மனுசிக்குக் குடுத்தவை எண்டு கதை. அந்த ஆடு இப்ப கமராவைக் கண்டால் தானாப் பக்கம் காட்டி நிக்குதாம்.

சிரிக்காதை. நீ இப்ப சனநாயகம் எண்டு தொடங்கப் போறாய், முகம் சொல்லுது. போன கிழமையும் அமர்த்தியா சென்னைக் கூட்டிக்கொண்டு வந்து இந்த விறாந்தையில இருத்தினாய். எலெக்சனும் வாய் திறக்கிற பேப்பரும் இருக்கிற நாட்டில பெரும் பஞ்சம் வாறேல்லை எண்டு நோபல் பரிசு வாங்கின அந்த மனுசன் சொல்லுறாராம். நான் கேட்டுக்கொண்டிருந்தனான், ஒண்டும் சொல்லேல்லை. இப்ப சொல்லுறன்.

எலெக்சனுக்கு இஞ்சை எப்ப குறை வந்தது? 1931இல ஆம்பிளை பொம்பிளை எல்லாருக்கும் வாக்குக் குடுத்த தேசமடா இது. சென்னின்ர மருந்தில அரைவாசி எங்களிட்டைத் தாராளமாக் கிடந்தது. மற்ற அரைவாசியைத்தான் ஓமந்தைச் சோதனைச்சாவடியில மறிச்சுப்போட்டாங்கள்.

2008 ஓகஸ்டில ஆமி துணுக்காயைப் பிடிச்சது. பிடிச்ச செய்தியை ரேடியோவில கேக்கேக்க நாங்கள் தகரமும் கோழியும் ரக்டரில ஏத்திக்கொண்டு கிழக்கால போய்க்கொண்டிருந்தம். செப்டெம்பரில ஐநாவையும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறச் சொன்னாங்கள். கிளிநொச்சியில சனம் ஐநா வாசலை மறிச்சு, போகாதேங்கோ எண்டு கெஞ்சினது. சோறு பேந்து பாப்பம், பாக்கிறதுக்கு ஒரு வெளிக்கண் நிக்கட்டும் எண்டுதான் கெஞ்சினது. அவை போட்டினம். வெளியில இருந்து நிருபர்மாரை உள்ள விடவுமில்லை.

பிறகுதான் கணக்குத் தொடங்கினது. 2009 பெப்ரவரியில வன்னிக்குள்ள ஆக மிஞ்சினால் 70,000 பேர்தான் நிக்கினம் எண்டு கொழும்பு சொன்னது. எங்களோடயே பங்கருக்குள்ள கிடந்த கச்சேரி உத்தியோகத்தர்மார் மூண்டு லட்சத்துக்கு மேல எண்டு எழுதி அனுப்பினவை. ஆர் பாத்தது? அந்தக் காலத்தில களத்தில நெல் அளக்கேக்க கணக்கைச் சத்தமாச் சொல்லமாட்டினம், கேட்டால் பூதம் பொலியைக் கொண்டுபோயிடுமாம். கொழும்பிலயும் அப்பிடியொரு பூதத்துக்குப் பயந்த ஆக்கள் இருந்திருக்கினம். சின்னக் கணக்குக்குத்தான் அரிசி வந்தது, சின்னக் கணக்குக்குத்தான் மருந்தும் வந்தது. கஞ்சிக்கு வரிசை கட்டின பிள்ளையளுக்கு மேல ஷெல் மட்டும் கணக்குப் பாராமல் வந்தது.

மே மாதம் எல்லாம் முடிஞ்சு, செட்டிகுளம் முகாமுகளில கொண்டுபோய் இறக்கி எண்ணினால் 280,000க்கு மேல நிக்குது சனம். 70,000 பேருக்குள்ள இருந்து 280,000 பேர் உயிரோட வந்த அதிசயம் உலகத்தில வேறெங்கையும் நடந்திராது. மெனிக் பாம் முகாமில பருப்புக்கு நிண்ட வரிசையில நான் இதைச் சொல்ல, பின்னுக்கு நிண்ட கணக்கு வாத்தியார் விழுந்து விழுந்து சிரிச்சார். பிறகு, வராத ஆக்களை எந்தப் பக்கம் எழுதுறது எண்டு கேட்டார். எனக்கு மறுமொழி தெரியேல்லை.

எங்கட பக்கத்து வண்டவாளத்தையும் கேள், இல்லாட்டி கிழவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கதைக்கிறான் எண்டு சொல்லுவாய். புலிகள் இயக்கத்தின்ர பேப்பரும் வந்தது, ரேடியோவும் கதைச்சது. ஒவ்வொரு நாளும் வெண்டுகொண்டே இருந்தம். வெண்டு வெண்டு துணுக்காயில இருந்து தருமபுரம், தருமபுரத்தில இருந்து புதுக்குடியிருப்பு, அங்கையிருந்து முள்ளிவாய்க்கால். வீட்டுக்கொரு பிள்ளையை இழுத்துக்கொண்டு போன கதை அந்தப் பேப்பரில ஒரு வரி வந்ததோ? பெத்தவள் றோட்டில உருண்டு கத்தினது பேப்பர் அடிக்கிற இடத்துக்குக் கேக்கேல்லையாம். ரெண்டு பக்கத்துக்கும் எண்ணுறவனைப் பிடிக்கேல்லை மோனை. ஒருத்தன் எங்களைக் குறைச்சு எண்ணினான், மற்றவன் வெற்றியைக் கூட்டி எண்ணினான்.

அதுக்குள்ளயும் சரியா எண்ணின ஆக்கள் இருந்தவை. அவையளைப் பற்றிச் சொல்லாமல் உன்னை விடேலாது.

பொருளாதாரத் தடை நேரம் பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, ஒரு பெடியன் பெடலைச் சுத்த, டைனமோவில ரேடியோ பாடும். இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை. முக்கியமான இடத்தில சுத்திறவன் களைச்சுப் போவான், லண்டனும் களைச்சு இழுக்கும். யாழ்ப்பாணத்தில நடந்தது எங்களுக்கு அதின்ர நிருபர் நிமலராஜனின்ர வாயாலதான் தெரியவந்தது. 2000 ஒக்டோபரில எலெக்சன் நடந்தது. என்னென்ன வாக்கு எப்பிடி விழுந்தது எண்டு அந்தப் பிள்ளை சொன்னது. அந்த மாதம் 19ஆம் திகதி ஊரடங்கு நேரத்தில, ஆமிக் காவலுக்கு நடுவில கிடந்த வீட்டில வைச்சுச் சுட்டாங்கள். ஊரடங்கில எங்களுக்கு ஒண்டுக்குப் போகவே பயம். சுட வந்தவங்களுக்கு மட்டும் ஒரு சாவடியும் மறிக்கேல்லை.

அடுத்த வருசம் ஒரு வெள்ளைக்காரி வன்னிக்குள்ள களவா வந்தா, மேரி கொல்வின். தடையால சனம் மருந்தில்லாமல் சாகுது எண்டு எழுதினவ. திரும்பி ஆமிப் பக்கம் கடக்கேக்க எறிகணையடியில ஒரு கண்ணை இஞ்சை விட்டுட்டுப் போனவ. மற்றக் கண்ணோட பதினொரு வருசம் ஓடித் திரிஞ்சு 2012இல சிரியாவில செத்தா.

இதையெல்லாம் விட எனக்கு நெஞ்சில கிடக்கிறது திருகோணமலை நிருபர் சுகிர்தராஜன். 2006 ஜனவரி 2, கடற்கரையில அஞ்சு பெடியள் செத்தாங்கள். தாங்கள் கொண்டுவந்த குண்டு வெடிச்சுச் செத்தவங்கள் எண்டு ஆமிப் பக்கம் சொன்னது. சுகிர்தராஜன் பிரேத அறைக்குள்ள போய்ப் படம் எடுத்தார். தலையில சூட்டுக்காயம். சுடர் ஒளிப் பேப்பர் அதைப் போட்டது. பிறகு குண்டு வெடிச்ச கதையை ஆரும் சொல்லேலாமல் போச்சு. 24ஆம் திகதி வேலைக்குப் போற வழியில அவரைச் சுட்டாங்கள். எண்ணிப் பார், இருவத்திரண்டு நாள்.

உன்ர சென்னின்ர வங்காளத்திலயும் 1943இல இப்பிடியொரு படக்கதை நடந்தது எண்டு வாசிச்சனான். வெள்ளைக்காரத் தணிக்கை எழுத்தை எழுத்தா நோண்டினது, படத்தைக் கவனிக்கேல்லை. கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பேப்பரின்ர ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ், தானும் ஒரு வெள்ளைக்காரன், தெருவில பட்டினியில கிடந்த சனத்தின்ர படத்தை ஓகஸ்ட் 22ஆம் திகதிப் பேப்பரில போட்டான். அதுவரைக்கும் இல்லாத பஞ்சம் பிறகுதான் லண்டனுக்குத் தெரிஞ்சது. அவனை ஒருத்தரும் வேலைக்குப் போற வழியில வைச்சுச் சுடேல்லை. வெள்ளைக்காரன் கொஞ்சம் பின்தங்கின சாதி போல.

பேப்பரைக் கொளுத்திறதில எங்கட நாட்டுக்கு நல்ல அனுபவம். 1981இல யாழ்ப்பாண நூலகத்தோட ஈழநாடு எரிஞ்சது. 1987 ஒக்டோபரில இந்திய ஆமி ஈழமுரசையும் முரசொலியையும் குண்டு வைச்சுத் தகர்த்தது. 2006 மே 2ஆம் திகதி உதயனுக்குள்ள பூந்து ரெண்டு பேரைச் சுட்டாங்கள். அடுத்த நாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர தினம், அந்த வருசம் யுனெஸ்கோ அதைக் கொழும்பிலதான் கொண்டாடினது. ஒரு நாள் பொறுத்திருக்கலாம், விருந்தாளியள் நிக்கிற நேரம். சிங்களவன் எண்டால் தப்பலாம் எண்டும் நினையாதை. பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்ரமதுங்கவை 2009 ஜனவரி 8ஆம் திகதி கொழும்புப் புறநகர்த் தெருவில, காலமைப் பொழுதில முடிச்சாங்கள். ஆர் செய்தது எண்டு இண்டைக்கும் ஒரு தீர்ப்பு இல்லை.

இப்ப எல்லாம் மாறிப்போச்சு எண்டு சொல்லுவாய். ஓம், மாறித்தான் கிடக்கு. 2020 ஒக்டோபரில முறிப்புக் காட்டுக்குள்ள களவா மரம் தறிக்கிறதைப் பாக்கப் போன ரெண்டு முல்லைத்தீவு நிருபர்மாரை மரக்கள்ளர் பிடிச்சு அடிச்சாங்கள். சுடேல்லை, அடிச்சதுதான். அதில ஒருத்தர் குமணன், புதைகுழியளைத் தோண்டத் தோண்ட நிண்டு படம் எடுத்தவர். 2025 ஓகஸ்டில பயங்கரவாத விசாரணைக்காரர் அவரைக் கூப்பிட்டு விசாரிச்சினம். எலும்பைப் புதைச்சவனை இன்னும் கூப்பிடேல்லை, படம் எடுத்தவனின்ர விலாசம்தான் கெதியாக் கிடைக்குது. 2024இல இணையத்துக்கும் ஒரு பாதுகாப்புச் சட்டம் போட்டாங்கள். ஆரை ஆரிட்டை இருந்து பாதுகாக்கிறது எண்டு நீ படிச்சவன், வாசிச்சுச் சொல்லு.

உன்ர கூட்டத்துக்கும் ஒரு குட்டு வைச்சால்தான் எனக்கு நித்திரை வரும். கிளிநொச்சியில காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர தாய்மார் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி றோட்டோரத்தில இருந்தவை. ஒவ்வொரு நாளும் எத்தினையாவது நாள் எண்டு எண்ணிக்கொண்டு வருகினம். நூறாவது நாள் கமரா வந்தது. ஐநூறாவது நாள் வந்தது. ஆயிரத்துக்குத் திருவிழாக் கூட்டம். அறுநூற்றுப் பதினேழாவது நாள் ஒரு தாய் செத்திருந்தால் அவ பிழையான நாளில செத்தவ எண்டுதான் உங்கட கணக்கு. இரவில பாலியாத்துப் பக்கம் இருந்து எத்தினை டிப்பர் மணலோட போகுது எண்டு எங்கட வீட்டு நாய்க்குத் தெரியும், ஒவ்வொண்டுக்கும் குலைக்குது. உங்கட பேப்பரில நாயளவுக்காவது குலைச்சதை நான் காணேல்லை.

சரி, நான் சொன்ன முதல் புத்தியைக் கேக்கமாட்டாய், எண்ணத்தான் போறாய். கொப்பனும் அப்பிடித்தான், சொன்னதுக்கு எதிர்ப்பக்கம்தான் போவான். அப்பிடியெண்டால் இதைக் கேள்.

2016இல ஒரு சட்டம் வந்தது, 12ஆம் இலக்கம், தகவல் அறியும் உரிமைச் சட்டம். அடுத்த பெப்ரவரியில இருந்து நடைமுறை. நிருபர்தான் கேக்கவேணும் எண்டு அதில இல்லை, நாட்டின்ர பிரசை எண்டால் காணும். ஏன் கேக்கிறாய் எண்டு காரணம் சொல்லவும் தேவையில்லை. கந்தோரில தகவல் அலுவலர் எண்டு ஒருத்தர் இருக்கவேணும். எழுதிக் குடுத்தால் 14 வேலைநாளுக்குள்ள தருவம் அல்லது தரமாட்டம் எண்டு சொல்லவேணும். ஆளின்ர உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டதெண்டால் 48 மணித்தியாலம். தராட்டி மேல முறையிடு, அதுக்கும் மேல கொழும்பில ஆணைக்குழு இருக்கு.

நான் இதைப் போன மழைக்குத்தான் முழுசா வாசிச்சனான். வாசிச்சு முடிய ஒரு கள்ளப் புத்தி வந்தது. நீ தனிய ஒரு கேள்வி கேட்டால், உன்னை ஒரு தனி இடத்தில சந்திக்க ஆள் வரும். துணுக்காயில கைத்தடி ஊண்டுற கிழடுகள் முப்பது பேர், ஆளுக்கொரு தாளில, ஒரே கந்தோரில, ஒரே நாளில குடுத்தால் ஆரைப் போய் அடிக்கிறது? எங்களைத் தட்டினால் எலும்புமுறிவுச் செலவு அவங்களுக்குத்தான் கூட. ஒருத்தன் வீட்டுத்திட்டத்தைக் கேக்கட்டும். ஒருத்தி வவுனிக்குளத்து வாய்க்கால் துப்பரவாக்கின காசைக் கேக்கட்டும். நான் மணல் அனுமதிப்பத்திரம் எத்தினை எண்டு கேக்கிறன், நாயின்ர கணக்கோட ஒத்துப் பாக்கலாம். மறுமொழி வந்தால் நீ எழுது. வராட்டி, வரேல்லை எண்டு எழுது, கேட்ட திகதியையும் போடு. எங்கட பேரை முழுசாப் போடு, "பெயர் குறிப்பிட விரும்பாத முதியவர்" எண்டு எழுதினியோ, படலைக்குள்ள காலடி வைக்காதை.

நாளைக்குக் கோயிலடியில அவையளை நான் பிடிக்கிறன். நீ முப்பது தாள் கொண்டு வா. வரேக்க மல்லாவியில ஒரு பேப்பரும் வாங்கிக்கொண்டு வா, தேத்தண்ணிக்கடைப் பேப்பர் என்னட்டை வரேக்க ஏழு பேரின்ர வடை எண்ணெயோட வருது, மரண அறிவித்தல் மட்டும்தான் தெளிவா வாசிக்கேலும். காசு வந்து தாறன். போன கிழமைக் காசே இன்னும் தரேல்லை எண்டு வாயெடுக்காதை. அதையும் ஒரு பக்கம் எழுதி வை.