முயலண்ணாச்சி பதில்கள்

கே: அண்ணாச்சி, முயல் என்றாலே கேரட்தானே? எங்கள் குட்டிக்குத் தினமும் ஒன்று கொடுக்கிறேன். சரியா?
(பள்ளி மாணவி, சங்கரன்கோவில்)

ப: அந்தப் பேரைக் கட்டிவிட்டது ஒரு கார்ட்டூன், தாயி. 1940-ல் பக்ஸ் பன்னி கேரட்டைக் கடித்துக்கொண்டே திரைக்கு வந்தது. அன்றைக்கு மாறியது உலகத்து முயல்களின் தலையெழுத்து. கேரட் கிழங்கில் சர்க்கரை அதிகம். வளர்ந்த முயலுக்கு விரல் நுனியளவுத் துண்டு, வாரத்துக்கு ஓரிரு முறை போதும். குட்டிக்கு அதுவும் வேண்டாம். காய்கறிக் கடையில் கேரட்டின் தழையை ஒடித்து எறிகிறார்களே, அதைக் கேட்டு வாங்கி வை. மூன்று மாதம் தாண்டிய முயலுக்கு அதுதான் விருந்து. காசும் மிச்சம்.

கே: இரண்டு மாதக் குட்டி வாங்கியிருக்கிறோம். என்னதான் கொடுப்பது?
(இல்லத்தரசி, புளியங்குடி)

ப: முயலுக்குப் புல்தான் சோறு, மற்றதெல்லாம் தொடுகறி. பத்தில் எட்டுப் பங்கு புல்லாகவே இருக்கட்டும், இரவும் பகலும் கூண்டில் தீராமல். பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல்லே போதும். அலசி, நிழலில் உலர்த்தி, பச்சை வாசனை போகாமல் கட்டி வைத்துக்கொண்டால், ஆன்லைனில் வரும் இறக்குமதிப் புல்லின் விலையைக் கேட்டு நீங்கள் மயங்கி விழ வேண்டாம். ரோட்டோரப் புல்லும் களைக்கொல்லி அடித்த வரப்புப் புல்லும் ஆகாது.

வளரும் வயதில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் கூடுதலாக வேண்டும். குதிரைமசாலோ வேலிமசாலோ கிடைத்தால் கலந்து கொடுங்கள். ஆறேழு மாதமானதும் குறைத்துவிடுங்கள். முயலுக்கென்றே செய்த குச்சித் தீவனம் இப்போது தாராளமாக வைக்கலாம். பெரிதானபின் உடல் எடையில் கிலோவுக்கு 25 கிராம்தான் கணக்கு. கொத்தமல்லி, புதினா, முருங்கைக் கீரையெல்லாம் மூன்று மாதத்துக்கு மேல், ஒரு நேரத்தில் ஒரு கீரை, ஓரிரு இணுக்கு.

முக்கியமான விஷயம்: வாங்கிய இடத்தில் அது என்ன தின்றது என்று கேட்டு, அதையே கொஞ்சம் வாங்கி வந்திருக்க வேண்டும். புதுத் தீவனத்தை ஒரு வாரம், பத்து நாள் பழையதோடு கலந்து படிப்படியாக மாற்றுங்கள். ஒரே நாளில் மாற்றினால் குட்டிக்குக் கழிச்சல் கண்டுவிடும். பால் மறந்த குட்டிகளை அதிகம் கொண்டுபோவது அதுதான்.

கே: வெறும் புல்லில் அப்படி என்ன சத்து?
(விசைத்தறித் தொழிலாளி, சங்கரன்கோவில்)

ப: சத்து பாதி, வேலை பாதி. முயலுக்கு 28 பற்கள். அத்தனையும் ஆயுள் முழுக்க வளரும். முன்பல் வாரத்துக்கு 2 மி.மீ. அளவுக்கு நீளும். புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத்தான் பல் தேய்ந்து அளவில் நிற்கிறது. குடலுக்கும் நார் வேண்டும். நார் போகவில்லையென்றால் குடல் ஓட்டம் நின்று, வாயு கட்டி, வயிறு உப்பிவிடும். வாந்தி எடுக்கவும் முயலுக்கு வராது. ஆகவே தப்பாக எதையாவது ஊட்டிவிட்டு, 'கக்கிவிடும்' என்று காத்திருக்க முடியாது.

கே: விடியற்காலையில் தன் புழுக்கையைத் தானே தின்கிறது. பார்க்கவே கூசுகிறது. தடுக்கலாமா?
(வாசகி, சுரண்டை)

ப: தடுத்தால் அதன் டிபனைப் பிடுங்குகிறீர்கள். நீங்கள் கூட்டி அள்ளுகிற உருண்டைப் புழுக்கை வேறு; இது வேறு. குட்டித் திராட்சைக் கொத்துபோல் மெத்தென்று, பளபளவென்று இருக்கும். வயிற்றில் நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்கவைத்துத் தயாரித்த பி வைட்டமினும் புரதமும் அதில் இருக்கின்றன. முதல் சுற்றில் விட்ட சத்தை இரண்டாம் சுற்றில் எடுத்துக்கொள்கிறது. அந்தக் கொத்தைத் தின்னாமல் கூண்டிலேயே விட்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்: பெரும்பாலும் தீவனம் கூடிவிட்டது, புல் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

கே: வீட்டில் கோழித் தீவனமும் கடலைப் புண்ணாக்கும் மூட்டையாக இருக்கிறது. போடலாமா?
(விவசாயி, குருவிகுளம்)

ப: கோழிக்கு வாங்கியதைக் கோழிக்கே போடுங்கள். கோழித் தீவனம் பலவற்றில் ரத்தக்கழிச்சலைத் தடுக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள். அவற்றில் சாலினோமைசின், நராசின் போன்றவை முயலுக்கு விஷம். பூஞ்சை பிடித்த புண்ணாக்கும் அப்படியே. அதிலுள்ள அஃப்ளாடாக்சின் முயலின் ஈரலைத்தான் முதலில் பிடிக்கும். இளஞ்சோளப் பயிரில் மாட்டையே அவிழ்த்துவிட மாட்டீர்கள். முயலுக்கும் அதே விதி. சவுண்டல் தழையை நிறையப் போட்டால் ரோமம் கொட்டும்.

கே: மாலை கட்டி மீந்த பூவெல்லாம் வீணாகிறது. முயலுக்கு ஆகுமா?
(பூ வியாபாரி, சங்கரன்கோவில்)

ப: மாலையில் அரளி இருந்தால் முயலுக்கும் அதே மாலைதான், கடைசி மாலை. அரளியில் பூ, இலை, தண்டு எல்லாமே விஷம். மற்ற பூக்கள் மேல் செடியில் அடித்த மருந்து இருக்கும். சாமிக்கும் கூந்தலுக்கும் போக மீந்தது எருக்குழிக்குப் போகட்டும்.

கே: எங்கள் ஊர் பிரியாணிக்குப் பேர்போனது. மீந்த சோறு, பிஸ்கட்…?
(கல்லூரி மாணவர், சங்கரன்கோவில்)

ப: பிரியாணியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி. சோறு, ரொட்டி, பிஸ்கட், சாக்லேட், வெங்காயம், பூண்டு எதுவும் கூண்டுப் பக்கமே போகக் கூடாது. ஆசையாகத்தான் தின்னும். ஆசைப்பட்டதையெல்லாம் தின்றால் உடம்பு என்னாகும் என்று பிரியாணி ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா?

கே: கண் திறக்காத குட்டிகள். தாய் பகலெல்லாம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பசும்பால் ஊற்றலாமா?
(வாசகர், வாசுதேவநல்லூர்)

ப: அவசரப்படாதீர்கள். தாய் முயல் நாளுக்கு ஓரிரு தடவைதான் பால் கொடுக்கும். அதுவும் சில நிமிடம். காலையில் குட்டிகளின் வயிறு உருண்டையாக இருந்தால் வேலை முடிந்தது. முயல் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. வயிறு ஒட்டிக் கிடந்தால் மட்டும் மருத்துவரைக் கேளுங்கள்.

கே: காட்டில் ஒரு முயல் குட்டி தனியாகக் கிடந்தது. எடுத்து வளர்க்கலாமா?
(வாசகர், கரிவலம்வந்தநல்லூர்)

ப: எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். பிறக்கும்போதே ரோமத்தோடு, கண் திறந்து வருவது நம் காட்டு முயல். தாய் வேண்டுமென்றேதான் தனியாக விட்டுவைக்கும். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குத் துணை நிற்கிறது. நீங்கள் கூண்டு செய்தால், வனத்துறை உங்களுக்கு ஒன்று பார்த்து வைக்கும்.

கே: வயிறு உப்பினால் கோயில் புற்றுமண் பூசலாமா?
(பாட்டி, சங்கரன்கோவில்)

ப: கோமதியம்மனை மனசார வேண்டிக்கொள்ளுங்கள் ஆச்சி, வேண்டிக்கொண்டே ஆட்டோவைக் கூப்பிடுங்கள். அரை நாள் தின்னவில்லை, புழுக்கை போடவில்லை என்றால் அது அவசரம். உள்ளூர்க் கால்நடை மருத்துவமனை, 1962 என்ற எண், திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி என்று வழி இருக்கிறது. இன்னொன்று: வெயில் 30 டிகிரியைத் தாண்டினாலே முயல் திணறும். கத்திரியில் நிழல், ஈரச்சாக்கு, மண்சட்டி நிறையத் தண்ணீர் கட்டாயம்.

கே: மகன் கேட்டு அடம்பிடிக்கிறான். வாங்கலாமா?
(தகப்பனார், ராஜபாளையம்)

ப: நன்றாக வளர்த்தால் எட்டு முதல் பத்து வருஷம் இருக்கும். ஒண்ணாம் வகுப்பில் வாங்கிக் கொடுத்தால், அவன் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும்போதும் அது புல் கேட்கும். அப்போது அறுக்கப் போவது நீங்கள்தான். அதற்குச் சம்மதமென்றால் வாங்குங்கள்.