ஆஸ்பத்திரிக் கட்டிலும் அஞ்சு கிலோ சாத்துக்குடியும்

வா மருமகனே, இப்படித் திண்ணையில உக்காரு. உங்கய்யாவை ஆஸ்பத்திரியில சேத்ததுலருந்து நீ ஒரு சுத்து பெருத்த மாதிரி இருக்கியே! பெருக்காம என்ன செய்யும்? பார்க்க வந்தவுக கொண்டாந்த ஆப்பிளும் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் அவரு தொண்டையில இறங்கல. யாராவது தின்னுதான ஆகணும்.

நேத்து நானும் வந்தேன். சும்மா சொல்லக்கூடாது, கவனிப்புன்னா அதுதான் கவனிப்பு! கட்டிலைச் சுத்தி ஒரு கல்யாணக் கூட்டம். உங்கண்ணன் பில்லைப் பத்தி சண்டை போடுதான், தம்பி போன்ல ரீல்ஸ் பார்க்கான், அமெரிக்காக்காரன் வீடியோ கால்ல டாக்டருக்கே வைத்தியம் சொல்லுதான். உங்க சின்னாத்தா, “இதே வியாதிதான் எங்க ஒண்ணுவிட்ட அண்ணனுக்கும், பதினஞ்சே நாள்ல...” ன்னு ஆரம்பிச்சா. கண்ணை மூடிக் கெடந்தாலும் மனுசனுக்குக் காது கேக்கும்னு ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல. மச்சான் முழிச்சு என்னையப் பார்த்தாரு. உதடு சித்திரை மாசத்துக் கரிசக்காடு மாதிரி வெடிச்சுக் கெடக்கு. அத்தனை பேர்ல ஒருத்தனுக்காவது ஒரு துணியை நனைச்சுத் தடவணும்னு தோணுச்சா?

வாய்வழியா ஒண்ணும் சாப்பிடலைன்னா வாயைக் கழுவ வேண்டாம்னு நெனச்சுட்டீக போல. சாப்பிடாத வாய்தான்யா சீக்கிரம் காயும், புண்ணாகும். சுத்தமான காஸ் துணியை வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சு, நல்லாப் பிழிஞ்சு, நாக்கு, ஈறு, கன்னத்து உள்பக்கம் எல்லாம் மெள்ளத் துடைச்சு விடு. ஒரு நாளைக்கு மூணு நாலு தடவையாவது செய்யணும். உதட்டுக்கு ஏதாவது தடவலாம். ஆனா ஆக்சிஜன் ஓடுதுன்னா எண்ணெய், வாசலின் பக்கம் போகுறதுக்கு முன்ன நர்சம்மாகிட்டக் கேட்டுக்க.

அடுத்தது முதுகு. “ஏர் பெட்டு வாங்கிப் போட்டுட்டோம்ல மாமா”ன்னு நெஞ்சை நிமித்துதியே, பெட்டு வந்து உங்கய்யாவைப் புரட்டிப் படுக்கப் போடுமாக்கும்? 2 மணி நேரத்துக்கு ஒருக்கா பக்கம் மாத்தணும். அவரு உடம்புக்கு எது தோதுன்னு நர்சம்மா சொல்லுவாக. முதுகுக்குக் கீழ வால் எலும்பு, இடுப்பு எலும்பு, குதிகால் இதையெல்லாம் தெனமும் பாரு. செவந்த இடத்தை விரலால அமுக்கி எடுத்தா வெளுத்துச் செவக்கணும். செவப்பு அப்படியே நின்னா படுக்கைப் புண்ணு தொடங்குதுன்னு அர்த்தம். அதைப் போட்டுத் தேய்க்காத, நர்சம்மாகிட்டச் சொல்லு. மேல தள்ளிப் படுக்க வைக்கயில தரதரன்னு இழுக்காம, கீழ விரிச்ச துணியோட ரெண்டு பேரா தூக்கு. இழுத்தா தோல் கிழியும்.

உங்க சின்னாத்தா பாசம் இருக்கே, அதுக்குத்தான் நான் ரொம்பப் பயப்படுதேன். மல்லாக்கப் படுத்திருக்கிற மனுசனுக்கு “ஒரே ஒரு வாய்”னு கஞ்சியை ஊத்துதா. புரையேறி நுரையீரலுக்குள்ள போனா நிமோனியா. வாய்வழியா குடுக்கலாம்னு டாக்டர் சொல்லியிருந்தா தலைப்பக்கத்தை நல்லா ஒசத்தி, முழிச்சிருக்கையில, சின்னக் கரண்டியில குடு. முடிஞ்சதும் அரை மணி நேரம் அப்படியே சாஞ்சிருக்கட்டும். வேண்டாம்னு தலையை ஆட்டுனா விட்டுரு. உங்கத்தை வேற இளநீ வெட்டிக் கொண்டாந்தா. கிட்னி கெட்டவருக்கு இளநீர்ல இருக்கிற பொட்டாசியம் ஏறுனா நெஞ்சுத் துடிப்பையே நிறுத்திப்புடும். கேக்காம ஊத்துன பாசம் அது.

ராத்திரியில “மாட்டை அவுத்து விட்டது எவன்டா”ன்னு சத்தம் போடுதாராமே. நீங்க கோடாங்கிக்கு ஆள் அனுப்பிட்டீகளாம்! அனுப்புங்க, அவரும் பொழைக்கணும்ல. ஆனா வயசானவுகளுக்கு ஆஸ்பத்திரியில இந்தக் குழப்பம் சகஜமா வாரதுதான். கிருமி, வலி, மருந்து, மலச்சிக்கல், மூத்திரம் அடைச்சிக்கிட்டது, எது வேணும்னாலும் காரணமா இருக்கும். கோடாங்கிக்கு முன்ன டாக்டர்கிட்டச் சொல்லுங்க. அவரு கண்ணாடி எங்க? காதுல வைக்கிற மிஷினு எங்க? “தொலைஞ்சிரும்னு பீரோவுல பூட்டி வச்சிருக்கேன் மாமா.” ஆகா, ரொம்பப் பத்திரம்! கண்ணும் தெரியாம காதும் கேக்காம விட்டத்தைப் பார்த்துக் கெடக்கிற மனுசன் மாட்டைத் தேடாம வேற எதைத் தேடுவாரு? ரெண்டையும் கொண்டாந்து மாட்டு. பகல்ல வெளிச்சம் படட்டும், ராத்திரி விளக்கைக் குறைச்சுப் போடு. “அய்யா, இன்னைக்கு வெள்ளிக்கெழமை, நான் உங்க மகன்”னு அப்பப்பச் சொல்லு. அதட்டாத.

வலி இருக்கான்னு கேட்டா “இல்லப்பா”ம்பாரு. அந்தக் காலத்து ஆளு, கால்ல கருவேல முள்ளு ஏறுனாலும் பிடுங்கிப் போட்டுட்டு ஏர் ஓட்டுனவரு. வாயைக் கேக்காத, நெத்திச் சுருக்கத்தைப் பாரு. புரட்டையில முனங்குதாரான்னு பாரு. டாக்டர் மார்பின்னு சொன்னதும் உங்கண்ணன் “எங்கய்யாவைப் போதைக்கு ஆளாக்காதீக”ன்னு குதிச்சானாமே. எண்பது வயசுல அவரு எந்தக் கஞ்சாக்கடைக்கு நடந்து போகப் போறாரு? நோவுக்குத் தவிக்கிறவுகளுக்கு இந்த மருந்து சுளுவாக் கிடைக்கணும்னுதான் 2014-ல சட்டத்தையே திருத்துனாக. டாக்டர் அளந்து குடுக்கிறதைக் குடு. மலம் கட்டும், அதுக்கு மருந்தையும் கூடவே கேட்டு வாங்கு. வலி தணிக்கிற வைத்தியம்னு தனியா டாக்டருங்க இருக்காக. அவுகளைக் கூப்பிட்டா கைவிட்டாச்சுன்னு அர்த்தம் இல்ல. வீட்டுக்குக் கூட்டியாந்த பொறகும், 2021-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து பார்க்கிறவுக இருக்காக. சுகாதார நிலையத்துல விசாரி.

கடைசியா ஒண்ணு. நேத்து உன் தம்பி பையில ஸ்டாம்ப் பேடு எட்டிப் பார்த்துச்சு. பள்ளிக்கூடத்துப் புள்ளைக்கு வாங்கினதா இருக்கும், நான் தப்பா நெனக்கல. ஆனா அவரு தெளிவா இருக்கையில கேக்க வேண்டியது கைரேகையை இல்ல. யாரைப் பார்க்கணும், எங்க இருக்கணும், எதெல்லாம் வேண்டாம்னு கேளு. அவரு சொன்னதை உங்கண்ணன் தம்பிக்கும் டாக்டருக்கும் அப்படியே சொல்லு.

மணி 2 ஆகப் போகுது, பக்கம் மாத்தணும். கெளம்பு. பீரோச் சாவியை எடுத்துக்க. சாத்துக்குடியை வச்சுட்டுப் போ.